மீன் முதுகுல மஞ்சள் டேக் இருந்துச்சு, என்ன பண்றது?

தூண்டில்முள்:
நேத்து ஒரு சூரை மாட்டுச்சு, முதுகுத் துடுப்புக்குக் கீழ நூடுல்ஸ் மாதிரி ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் தொங்குது, முழுக்க பாசி, விரலால தேச்சா நம்பரும் அட்ரஸும் தெரியுது. கூட வந்த பெரியவர் "பிச்சுக் கடல்ல போடு, இடத்தைச் சொன்னா நாளைக்கு அங்க வலையே போடக் கூடாதும்பான்"ங்கறார். வம்பு எதும் வருமா?

பாய்மரம்:
பிச்சுப் போட்டுறாதீங்க அண்ணே. அது மீன் ஆராய்ச்சி பண்றவங்க மாட்டி விட்ட டேக். அந்த நம்பர் மீனை எங்க, என்னைக்கு விட்டாங்க, அப்ப எவ்ளோ நீளம்னு அவங்க பதிவுல இருக்கும், நீங்க புடிச்ச தேதி, இடம், நீளம் சேந்தாதான் எவ்ளோ தூரம் வந்துச்சு, எவ்ளோ வளந்துச்சுன்னு கணக்கு வரும், இல்லன்னா அது வெறும் பிளாஸ்டிக். இந்தியப் பெருங்கடல்ல 2005ல ஆரம்பிச்சு சில வருஷத்துல ஒன்றரை லட்சத்துக்கும் மேல சூரைக்கு இப்படி டேக் போட்டாங்க. அதுல திரும்பக் கிடைச்சதெல்லாம் பெரும்பாலும் மீனைப் புடிச்சவங்க, இறக்குனவங்க, வெட்டுனவங்க கண்ணுல பட்டதுதான்.

உப்புத்தண்ணி:
நானும் முன்னாடி ஒன்னு அனுப்புனேன், ஒரு பதிலும் இல்ல. மீன் எங்கேர்ந்து வந்துச்சுன்னாவது சொல்ல வேணாமா? அதான் சாட்டிலைட் டேக்குன்னு ஒன்னு இருக்கே, அதைப் போட்டுக்கட்டுமே, நம்மள எதுக்குக் கேக்கணும்?

பாய்மரம்:
பதில் போடாதது தப்புதான், அதுல பேச்சே இல்ல. ஆனா சாட்டிலைட் டேக் விலை ஜாஸ்தி, ஆயிரக்கணக்குல போட முடியாது. அதோட ரேடியோ சிக்னல் கடல் தண்ணியைத் தாண்டாது, டேக் கழண்டு மேல வந்து மிதந்தாதான் தகவல் அனுப்பும். அதுவரைக்கும் மீன் எங்க இருந்துச்சுன்னு டேக் பதிஞ்சு வச்ச வெளிச்சத்தை வச்சுத்தான் பாக்கறாங்க. பகல் எவ்ளோ நேரங்கறதுல அட்சரேகை, உச்சி நேரத்துல தீர்க்கரேகை. மார்ச், செப்டம்பர்ல பகலும் ராத்திரியும் எல்லா இடத்துலயும் ஒரே அளவா வரும்போது அட்சரேகை சொதப்பிடும். உங்க ஜிபிஎஸ் பாயிண்ட் அதைவிட சுத்தம்.

பெரியவர் பயமும் சும்மா இல்ல. இடத்தை வெளிய போடுவீங்களான்னு முதல்ல கேட்டுக்கங்க. பிடிக்கலன்னா சொல்லாம விடுங்க, மாத்தி மட்டும் சொல்லாதீங்க, 200 கி.மீ. தள்ளிச் சொன்னா மீன் போகாத இடத்துக்குப் போனதா பதிவாயிடும்.

தூண்டில்முள்:
பாயிண்ட் இருக்கு, பெரியவர்கிட்ட பேசிக்கறேன். ஆனா மீனை வெட்டியாச்சே, வால் மட்டும்தான் ஐஸ் பெட்டில கிடக்கு. நீளம் ஒரு மூணடி இருக்கும்னு போட்டுடவா?

பாய்மரம்:
வேணாம், அளக்கலன்னே எழுதுங்க. அடுத்த தடவை மூக்கு நுனியில இருந்து வால் கவட்டை வரைக்கும், டேப்பை உடம்பு மேல வளைக்காம நேரா புடிச்சு எடுங்க.