கலைச்சொல் உதவி: தூண்டில் கோலின் ‘ஆக்‌ஷன்’, ‘பவர்’

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

கரையில் நின்று நன்னீர் பாஸ் மீன் பிடிக்கத் தொடங்குவோருக்கான கருவிக் கையேட்டு வரைவில் ‘ஃபாஸ்ட் ஆக்‌ஷன்’ என்பது ‘விரைவுச் செயல்’ ஆகியிருக்கிறது. ‘பவர்’ என்பதைத் ‘திறன்’ ஆக்கியிருக்கிறார்கள். ‘விரைவுச் செயல் கோல்’ என்று படிப்பவர் வேகமாக ஓடும் தண்ணீருக்கோ, வேகமாக ரீல் சுற்றுவதற்கோ ஆன கோல் அது என்று நினைப்பார். கோலின் எந்தப் பகுதி வளைகிறது என்பதைத்தான் ஆக்‌ஷன் சொல்கிறது. அந்தக் கோலை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பவர். இரண்டுக்கும் வேகத்தோடு தொடர்பே இல்லை.

நல்ல சொல் வேண்டும்.

பாஸ் என்பதை ‘பாஸ்’ என்றே விட்டுவிடலாம். ஓரிடத்தில் ‘கொடுவா’ என்று மாற்றியிருக்கிறார்கள். கொடுவா ஆசியக் கழிமுகங்களில் வாழும் வேறொரு மீன். கையேடு பேசுவதோ வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெரியவாய் பாஸ், சிறியவாய் பாஸ் இரண்டையும்.

மடல் 2

ஆக்‌ஷனுக்கு வளைவிடம், பவருக்கு விறைப்பு என்று வைக்கலாம்.

‘வலு’ என்றும் யோசித்தேன். வலு என்றால் ஒடியாமல் தாங்குவது என்ற பொருள் முன்னால் வந்து நிற்கும். விறைப்பான கோல் எளிதில் ஒடியவும் கூடும், ஆகவே அது சரிவராது.

வளைவிடத்தின் வகைகள்:

ஃபாஸ்ட்: நுனிவளை (மேல் மூன்றில் ஒரு பங்கு வளையும்)
மாடரேட்: நடுவளை (ஏறக்குறையப் பாதி வரை வளையும்)
ஸ்லோ: அடிவளை (கைப்பிடிப் பக்கம் வரை வளையும்)

விறைப்புக்கு மென்விறைப்பு (லைட்), இடைவிறைப்பு (மீடியம்), கடுவிறைப்பு (ஹெவி).

மடல் 3

> ஸ்லோ: அடிவளை

‘6 அடி அடிவளைக் கோல்’ என்று எழுதிப் பாருங்கள். நீளத்தைச் சொல்லும் அடியும் கோலின் அடியும் மோதிக்கொள்ளும். அதுவும் போக, இவ்வகைக் கோல் அடியில் மட்டும் வளைவதில்லை. நுனியிலிருந்து கைப்பிடி வரை முழுவதும் வளைகிறது. ‘முழு’ என்பதே பொருந்தும்.

‘வளை’யிலும் சிக்கல் இருக்கிறது. கோலின் உச்சியில் நரம்பு (தூண்டில் இழை) வெளியே போகும் சிறு வளையம் ஒன்று உண்டு. ‘நுனிவளை’ என்றால் அதைத்தான் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு ‘வு’ சேர்த்தால் தீர்ந்தது: நுனிவளைவு, நடுவளைவு, முழுவளைவு.

மடல் 4

சொற்கள் நன்று. ஆனால் வரையறையில் ஓட்டை இருக்கிறது. 200 கிராம் தொங்கவிட்டால் நுனியில் மட்டும் வளையும் கோல், 2 கிலோ இழுத்தால் கைப்பிடி வரை வளையும். பெரிய மீன் மாட்டினால் எல்லாக் கோலும் முழுவளைவுதான். அப்படியிருக்க, வளையும் இடத்தை வைத்துப் பெயரிட்டால் படிப்பவர் குழம்ப மாட்டாரா?

மடல் 5

நியாயமான கேள்வி. வரையறையில் ‘குறைந்த பளுவில்’ என்று சேர்த்துவிடலாம்: *குறைந்த பளு ஏறும்போது கோல் முதலில் எங்கே வளைகிறதோ அதுவே வளைவிடம்.*

கடையில் பார்க்கும் முறையையும் சேர்த்தால் சொல் மனதில் நிற்கும். நீளம் ஒன்றாக உள்ள இரண்டு கோல்களைக் கிடைமட்டமாகப் பிடித்து, இரண்டின் நுனியிலும் ஒரே எடையை, 100 கிராம் போதும், தொங்கவிட வேண்டும். எந்த நுனி அதிகம் தாழ்கிறதோ அதற்கு விறைப்பு குறைவு. வளைவு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் வளைவிடம் தெரியும். உற்பத்தியாளர்கள் எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவர் இடைவிறைப்பு என்று அச்சிடுவது இன்னொருவரின் மென்விறைப்புக்குப் பக்கத்தில் வரலாம். ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

வளைவிடம் மீன்பிடிப்பில் என்ன செய்கிறது என்பதும் கையேட்டில் வரட்டும், இல்லாவிட்டால் வெறும் சொல்லாக நின்றுவிடும். மென்புழுவை (மென்மையான செயற்கைப் புழு இரை) ஒற்றை முள்ளில் கோத்து, முள்முனையை அதன் உடலுக்குள் மறைத்து வீசும்போது, மீன் கடித்ததும் முள் முதலில் புழுவைத் துளைத்து வெளியே வந்து, பிறகு தாடையில் ஏற வேண்டும். நுனிவளைவுக் கோலில் நுனி சட்டென்று வளைந்து முடிந்து, விறைப்பான நடுப்பகுதி உடனே வேலைக்கு வரும். முள் ஏறிவிடும். முழுவளைவுக் கோலில் கையின் வீச்செல்லாம் கோலை வளைப்பதிலேயே கரைந்துபோகும். மும்முள் தொங்கும் கிரேங்க்பெய்ட்டில் (சுற்றி இழுக்கும்போது மூழ்கி ஆடும் மீன்வடிவச் செயற்கை இரை) கதை நேர் எதிர். அதன் முட்கள் சிறியவை, மெல்லியவை, மேலோட்டமாகவே மாட்டும். விறைப்பாக இழுத்தால் வாய்ச்சதை கிழிந்து மீன் போய்விடும். அதற்கு நடுவளைவு நல்லது.

மடல் 6

மேலே ‘நரம்பு’ என்று ஒருவர் எழுதியிருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஒற்றை இழைக்குத் தங்கூசி என்ற சொல் கடற்கரையெங்கும் புழக்கத்தில் இருக்கும்போது புதிதாக எதற்கு? பிரெய்டுக்குப் பின்னல் நரம்பு. (சங்கப் பாட்டில் கோலுக்குக் கழை, கயிற்றுக்கு நாண். அழகான சொற்கள்தான், ஆனால் கார்பன் இழைக் கோலைக் கழை என்றால் மூங்கிலைத் தேடுவார்கள்.)

‘டிராக்’ வரைவில் ‘இழுவை’ ஆகியிருக்கிறது. அந்தச் சொல்லை இழுவை மடி எடுத்துக்கொண்டுவிட்டது, இயற்பியலும் எடுத்துக்கொண்டுவிட்டது. ரீலில் நடப்பதோ வேறு. நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலின் மேல் ஒரு திருகு. அதை இறுக்கினால் உள்ளே அடுக்கியுள்ள வட்டத் தகடுகள் ஒன்றையொன்று அழுத்தி உரசும். மீனின் இழுப்பு அந்த உரசலை மிஞ்சினால் ஸ்பூல் வழுக்கிச் சுழன்று நரம்பை விடும். பிடிக்கவும் வேண்டும், அளவு மீறினால் விடவும் வேண்டும். நெகிழ்பிடி என்கிறேன்.

மடல் 7

‘பிடி’ என்று மட்டும் சொன்னால் போதாதா? ‘பிடியை இளக்கு, பிடியை இறுக்கு’ என்று வாயில் இயல்பாக வருகிறதே.

மடல் 8

கோலின் கைப்பிடியும் பிடிதான். ‘பிடியை இறுக்கு’ என்றால் கோலை இறுகப் பற்றுவார்கள், மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போகும். நெகிழ்பிடியே இருக்கட்டும்.

மடல் 9

சொற்கள் வாக்கியத்தில் உட்காருகின்றனவா என்று பார்க்கக் கையேட்டுப் பத்தியைத் திருப்பி எழுதியிருக்கிறேன். குறை சொல்லுங்கள்.

*கரையிலிருந்து தொடங்குபவருக்கு ஒரே கோல் போதும்: 2 மீட்டர் முதல் 2.1 மீட்டர் வரை நீளம், இடைவிறைப்பு, நுனிவளைவு, 7 முதல் 18 கிராம் வரையான இரையை வீசக்கூடியது. இதைவிட நீளமானால் பின்னால் உள்ள கிளைகளில் தட்டும், குட்டையானால் வீச்சுத் தூரம் குறையும். அதில் 2500 அளவு ஸ்பின்னிங் ரீலை மாட்டவும். பெய்ட்காஸ்டிங் ரீல் இப்போது வேண்டாம். வீசும்போது கட்டைவிரலால் ஸ்பூலின் வேகத்தை அடக்கப் பழகாதவரிடம் அது நரம்பைக் கூடுகட்டிவிடும்.*

*8 அல்லது 10 பவுண்ட் எடை தாங்கும் தங்கூசியைச் சுற்றவும். ஸ்பூலின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்தவும். நிறைத்துச் சுற்றினால் வீசும்போது சுருள் சுருளாகக் கழன்று முடிச்சு விழும், குறைத்துச் சுற்றினால் விளிம்பில் உரசித் தூரம் போகாது. பின்னல் நரம்பானால் அடியில் சில சுற்று தங்கூசி தேவை, இல்லையேல் முழுச் சுருளும் ஸ்பூலின்மேல் வழுக்கும். வீசி முடித்ததும் ரீலின் கம்பி வளைவைக் கையால் மடக்கவும். ரீலின் கைப்பிடியைச் சுற்றி மடக்கினால் நரம்பில் தொய்வும் முறுக்கும் சேரும்.*

*நெகிழ்பிடியை நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைக்கவும். 8 பவுண்ட் தங்கூசிக்கு அது சுமார் 1 கிலோ. நரம்பைச் சுருள்வில் தராசில் மாட்டி இழுத்து, 1 கிலோவில் ஸ்பூல் சுழலத் தொடங்கும்படி திருகைச் சரிசெய்யவும்.*

*முதல் இரை: 5 அங்குல மென்புழு, 3/0 அளவு வளைகழுத்து முள், 5 கிராம் கூம்பு ஈயம். முள்முனை புழுவுக்குள் மறைந்திருப்பதால் கரையோரப் பாசியில் அவ்வளவாகச் சிக்காது. முடிச்சை இறுக்கும் முன் ஈரப்படுத்தவும். உலர்ந்து இறுகினால் உரசல் சூட்டில் நரம்பு வலுவிழக்கும்.*

மடல் 10

‘கம்பி வளைவை’ என்பதைக் ‘கம்பியை’ என்று மாற்றிவிடுங்கள். வளைவு என்ற சொல்லை இப்போதுதான் கோலுக்குக் கொடுத்தோம்.

மடல் 11

ஒரு சேர்க்கை வேண்டும். கோலின் மேல் ஆங்கில எழுத்துகள்தான் அச்சிட்டிருக்கும், அவற்றுக்கு அட்டவணை தராவிட்டால் நம் சொற்கள் கடைவாசல் வரைதான் போகும். ‘எஃப்’ (ஃபாஸ்ட்) நுனிவளைவு, ‘எம்.எச்.’ (மீடியம் ஹெவி) இடைவிறைப்புக்கும் கடுவிறைப்புக்கும் நடுவே. ‘எம்’தான் தொல்லை. விறைப்பைக் குறிக்கும் இடத்தில் அது இடைவிறைப்பு, சிலர் வளைவிடத்துக்கு இட்டால் நடுவளைவு. ஒரே கோலில் இரண்டு ‘எம்’ வரவும் கூடும். தமிழில் ‘இடை’ ஒன்றுக்கும் ‘நடு’ மற்றதற்கும் என்று பிரித்துவிட்டதால் அட்டவணையில் குழப்பம் வராது. மாற்றிப் போட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.