கம்பி கட்டிய பல்லில் வெள்ளைத் திட்டு: கிணற்றுத் தண்ணீரா, வேறு காரணமா?

செட்டிகுளத்து அம்மா:
வணக்கம். என் மகளுக்கு 14 வயது. பல்லுக்குக் கம்பி கட்டி எட்டு மாதமாகிறது. போன கிழமை அவளுடைய மேல் முன்பற்களில், கம்பியைத் தாங்கும் சிறு வில்லைகளைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைத் திட்டுகளைக் கண்டேன். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் புளோரைட்டு அதிகம். எனக்கும் சிறு வயதிலிருந்தே பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது. ஆகவே இதுவும் அந்தத் தண்ணீரின் வேலைதான் என்று நினைத்து, புளோரைட்டுப் பற்பசையை நிறுத்திவிட்டு, மாமி சொன்னபடி உமிக்கரி கொடுத்து வருகிறேன். நான் செய்வது சரியா? கம்பியைக் கழற்ற வேண்டி வருமா?

ஓய்வுபெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்:
தங்கச்சி, உமிக்கரியை இன்றே நிறுத்துங்கள். மாமியின் காலத்துப் பற்களுக்கு அது என்ன செய்ததோ, ஏற்கனவே மென்மையாகியிருக்கும் எனாமலை, அதாவது பல்லின் வெளி ஓட்டை, அது தேய்த்துவிடும்.

உங்கள் பல்லில் இருப்பதும் மகளின் பல்லில் இருப்பதும் ஒன்றல்ல என்றே நினைக்கிறேன். தண்ணீரிலுள்ள புளோரைட்டு கறையை உண்டாக்குவது, பல் தாடைக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில்தான். ஞானப்பல் தவிர்ந்த மற்றப் பற்களின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அந்தக் கறை இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி, மேகம் படர்ந்ததுபோலத் தெரியும். வில்லைக்கும் முரசுக்கும் (ஈறுக்கும்) இடைப்பட்ட ஒடுங்கிய இடத்தில் மட்டும் புதிதாக வெளுத்திருந்தால், அது அங்கே தங்கிய அழுக்கின் வேலை. அழுக்கிலுள்ள கிருமிகள் சீனியை அமிலமாக்குகின்றன, அமிலத்தன்மை கூடி, அதை அளக்கும் பி.எச். எண் 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கல்சியமும் பொசுபேற்றும் கரைந்து வெளியேறுகின்றன. கம்பி கட்டிய நான்கு கிழமைக்குள்ளேயே இது தொடங்கிவிடலாம். கரைந்ததைத் திரும்பச் சேர்க்க உதவுவது புளோரைட்டு என்பதால், நீங்கள் நிறுத்தியது தேவையான மருந்தைத்தான். 1000 முதல் 1500 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு) புளோரைட்டு உள்ள பற்பசையால் இரண்டு வேளையும் துலக்கட்டும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீரால் அலசக் கூடாது. வில்லைக்கு மேலும் கீழும் தூரிகையைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

கம்பியைக் கழற்றுவதா என்பதைக் கட்டிய வைத்தியரே பார்த்துச் சொல்லட்டும். அடுத்த தவணைவரை காத்திராமல் காட்டினால், அவர் புளோரைட்டு வார்னிசு பூசக்கூடும்.

கிளிநொச்சித் தம்பி:
அக்கா, நான் இந்த வழியால் போய் வந்தவன். ஒவ்வொரு மாதமும் ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போய்க் கம்பியை இறுக்கிக்கொண்டு வந்தேனே தவிர, ரியூசன் முடிந்து வந்த இரவுகளில் பல் துலக்காமல் படுத்துவிடுவேன். பின்னேரத்தில் பிளேன்ரீக்குப் பனங்கட்டி. அம்மம்மா பனாட்டு தந்தால் அதையும் விடமாட்டேன், அதுவோ கம்பிக்குள் புகுந்தால் வெளியே வராது. கம்பியைக் கழற்றிய அன்று கண்ணாடியில் பார்த்தேன்: சுவரில் மாட்டியிருந்த படத்தை எடுத்த இடம்போல, வில்லை இருந்த சதுரம் நல்ல நிறத்திலும் அதைச் சுற்றிய விளிம்பு வெள்ளையாகவும் இருந்தது. உடனே பல்லை வெளுப்பாக்கிக்கொள்ள ஆசைப்பட்டேன். வைத்தியர் மறித்து, சில மாதம் பொறுக்கச் சொன்னார். உமிழ்நீராலும் பற்பசையாலும் பாதிக்குமேல் மங்கிவிட்டது. முழுதாகப் போகவில்லை. எஞ்சியதைப் பிசின் ஊட்டி மறைக்கும் சிகிச்சை உண்டு, ஆனால் செலவு கூட. மகளுக்குச் சோடாவையும் இடையிடையே சீனி போட்ட தேநீரையும் குறைத்துவிடுங்கள். புழுக்கொடியலைக் கடிக்க விடாதீர்கள், எனக்கு இரண்டு வில்லை கழன்றது அதனால்தான்.

செட்டிகுளத்து அம்மா:
இருவருக்கும் நன்றி. ரோச் லைற் பிடித்துப் பார்த்தேன். முரசை ஒட்டிய ஓரத்தில் மட்டுமே வெள்ளை, துலக்கியபின்னும் அங்கே வெண்ணெய்போல அழுக்கு இருந்தது. உமிக்கரியை எறிந்துவிட்டேன். நான்கு வயது மகனும் இருக்கிறான். அவனுக்குக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்:
கொதிக்க வைப்பதால் புளோரைட்டு போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். கிணற்று நீரைப் பரிசோதிப்பியுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டினால், அவன் குடிப்பதற்கு மட்டுமல்ல, சோற்றுக்கும் தேநீருக்கும் ஆர்.ஓ. தண்ணீரையே, அதாவது நுண்சவ்வு வழியாக வடித்த நீரையே, எடுங்கள். பற்பசை அவனுக்கும் வேண்டும். ஒரு பட்டாணி அளவு வைத்து, விழுங்காமல் துப்புகிறானா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.