ஜிஞ்சர் ரோஜர்ஸ் டான்ஸரே இல்லையாம்!

வைகைக்கரை:
"ஹாலிவுட்டின் ஜிஞ்சர் ரோஜர்ஸ் வெறும் நடிகை, நடன நட்சத்திரம் ஃபிரெட் ஆஸ்டர் கையைப் பிடித்ததால் டான்ஸர் ஆனவர்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. 1933 முதல் 1939 வரை ஆர்கேஓ ஸ்டுடியோவில் இருவரும் சேர்ந்து ஒன்பது படம், 1949இல் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் பத்தாவது. கையைப் பிடித்தே பத்துப் படமா? 14 வயதிலேயே டெக்சாஸில் சார்ல்ஸ்டன் நடனப் போட்டியில் ஜெயித்தவர் ஐயா அவர்!

ஒத்தைமரம்:
எழுதியது நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஜிஞ்சர் ஆடும்போது கேட்கிற டேப் சத்தம், அதாவது ஷூ தரையில் தட்டுகிற சத்தம், யாருடையது? நடன இயக்குநர் ஹெர்மிஸ் பேன், படப்பிடிப்புக்கு அப்புறம் தனியாகத் தட்டிப் பதிந்தது.

வைகைக்கரை:
ஆஸ்டரும் பிறகுதான் பதிந்தார். அவரும் டான்ஸர் இல்லையா? 'ராபர்ட்டா' (1935) படத்தில் 'ஐ'ல் பி ஹார்ட் டு ஹேண்டில்' பாட்டைக் கேளுங்கள். ஆடும்போதே பதிந்த சத்தம் அது. இரண்டு பேரும் காலாலேயே சண்டை போட்டுக்கொள்வார்கள். காது இருந்தால் கேட்கும்.

ஒத்தைமரம்:
பத்துப் படத்துக்கு ஒரே பாட்டுதான் சாட்சியா? ஆஸ்டர் தன் சத்தத்தைத் தானே தட்டினார். ஜிஞ்சருக்குத் தட்டியது பேன்.

நிலாமுற்றம்:
டேப் டான்ஸர் எலினார் பவலை ஏன் யாரும் பேசுவதில்லை? 'பிராட்வே மெலடி ஆஃப் 1940'இல் 'பிகின் தி பிகீன்' ஆட்டத்தைப் பாருங்கள். ஆஸ்டருக்குச் சரிசமம்.

வைகைக்கரை:
டான்ஸர் ஜீன் கெல்லி பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் பவலைக் கொண்டுவந்து கெடுத்தீர்கள். நான் மறக்கவில்லை. 'ஸ்விங் டைம்' (1936) கடைசி ஆட்டம் 47 டேக் போனது. ஜிஞ்சரின் ஷூவில் ரத்தம். அந்த ரத்தமும் பேனுடையதா?

நிலாமுற்றம்:
கெடுத்தது நானா? அன்றைக்குக் கெல்லியை "ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்" என்றது யார்?

ஒத்தைமரம்:
ரத்தம் வந்தவரெல்லாம் டான்ஸரா? ஆஸ்டரோடு மாதக்கணக்கில் அசைவுகளை உருவாக்கியது பேன். ஒத்திகையில் ஜிஞ்சர் இடத்தில் ஆடியதும் அவரே. அம்மையார் வேறு படத்தில் நடித்துவிட்டு வந்து கற்றுக்கொண்டார். சத்தமும் பேனுடையது.

வைகைக்கரை:
வேறு படங்களிலும் நடித்துக்கொண்டு, பிந்தி வந்து கற்று, ஆஸ்டருக்கு ஈடுகொடுத்தார் என்றால் அது குறையா? ஆஸ்டர், காட்சியை வெட்டாமல் முழு உடலையும் காட்டச் சொல்கிறவர். கேமரா முன்னால் ஏமாற்ற முடியாது. ஆஸ்டரின் நிழலில் வாழ்ந்தவரா 'கிட்டி ஃபாயில்' (1940) படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார்?

ஒத்தைமரம்:
அது நடிப்புக்குக் கொடுத்த ஆஸ்கர். நடிகை என்றுதானே நானும் சொன்னேன்!

வைகைக்கரை:
பேச்சை மாற்றாதீர்கள். 'ராபர்ட்டா' கேட்டீர்களா, இல்லையா?

ஒத்தைமரம்:
பேன் தட்டினாரா, இல்லையா?

நிலாமுற்றம்:
கெல்லியைச் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.