யூபிவிசி வாசல் கதவு: கைப்பிடி தொங்குது, கொக்கி வெளியே வரமாட்டேங்குது

மேற்குவாசல் (சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா):
வணக்கம். வாசல் கதவு வெள்ளை யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்). கைப்பிடியை மேலே தூக்கினா மேலேயும் கீழேயும் கொக்கி விழும், அப்புறம் சாவி போடணும், அந்த வகை. ஒரு வாரமா தூக்கவே கனமா இருந்துச்சு. நேத்து உள்ளே ‘டக்’குன்னு ஒரு சத்தம், அதோட கைப்பிடி தொங்கிப்போச்சு. நல்லவேளை கதவு திறந்த நிலையில இருக்கு. வெளி இரும்பு கேட்டை வச்சு சமாளிக்கிறோம். கதவு ஓரத்துல மேலிருந்து கீழ் வரை ஓடுற பூட்டுப் பட்டையை முழுசா மாத்தணுமா? நானே செய்யலாமா?

கதவுப்பட்டறை (டர்பன்):
செய்யலாம், தம்பி. ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர், அளக்கிற டேப், ஆலன் கீ (அறுகோண முனை உள்ள வளைந்த சாவி) போதும். ஆனா கதவை மட்டும் சாத்திடாதீங்க. உடைஞ்ச பூட்டோட சாத்தினா திறக்கிறது தனிப் பாடு.

முதல்ல எது போச்சுன்னு பாருங்க. உள்பக்கத்து 2 ஸ்க்ரூவையும் (சிலதுல 3) கழட்டினா ரெண்டு கைப்பிடியும் வந்துடும். வெளிக்கைப்பிடி கீழே விழாம ஒரு ஆள் பிடிச்சுக்கட்டும். ரெண்டு கைப்பிடியையும் இணைக்கிற சதுரக் கம்பியை மட்டும் திரும்ப ஓட்டையில சொருகி, ஸ்பேனரால திருப்புங்க. கொக்கி ஒழுங்கா வந்து போனா பூட்டுல கோளாறு இல்ல, கைப்பிடிக்குள்ள ஸ்பிரிங் போயிருக்கு. கம்பி வழுக்கிச் சுத்தினாலோ பாதியில நின்னாலோ பட்டை நடுவுல இருக்கிற கியர்பாக்ஸ் (கைப்பிடியைத் தூக்கினா கொக்கிகளை நகர்த்துற பெட்டி) போச்சு. நீங்க சொன்ன சத்தத்துக்கு அதுதான் இருக்கும்.

அடுத்து சிலிண்டர், அதாவது சாவி போடுற உருளை. கதவு ஓரத்துல சாவித்துளைக்கு நேரா ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும், அதை முழுசா வெளியே எடுங்க. சாவியைப் போட்டு கொஞ்சமா, 10–15 டிகிரி, திருப்பி லேசா தள்ளுங்க. நேரா வச்சுத் தள்ளினா உள்நாக்கு தடுக்கும். வரலேன்னா மறுபக்கம் திருப்பிப் பாருங்க, சுத்தியலை எடுக்காதீங்க. பிறகு பட்டையில உள்ள ஸ்க்ரூவை எல்லாம் எடுத்தா முழுசும் வெளியே வரும்.

அளவு எடுக்கிறது இப்படி: சதுர ஓட்டை நடுவிலிருந்து சாவித்துளை நடுவுக்கு (பெரும்பாலும் 92 மி.மீ.), பட்டையின் முகத்திலிருந்து சதுர ஓட்டை நடுவுக்கு (28, 35, 45), பட்டையின் அகலம் (16 அல்லது 20), சதுர ஓட்டையிலிருந்து ஒவ்வொரு கொக்கிக்கும் தூரம். பட்டையிலோ பெட்டியிலோ தயாரிப்பாளர் முத்திரை இருந்தா போட்டோ எடுங்க. 1 மி.மீ. தப்பினாலும் கைப்பிடி ஓட்டை பொருந்தாது.

மேற்குவாசல்:
அளந்தாச்சு அண்ணா: 92, 35, 16. கம்பி வழுக்குது. கியர்பாக்ஸ் 2 ஸ்க்ரூவுல நிக்குது, ரிவிட் இல்ல.

கதவுப்பட்டறை:
அப்போ பெட்டி மட்டும் போதும். முழுப் பட்டை தண்டச் செலவு. ரிவிட் அடிச்சிருந்தாதான் முழுசும் மாத்தணும். புதுசு போடும்போது மேல், கீழ் கொக்கி ரெண்டும் உள்ளே இழுத்த நிலையில இருக்கணும், பெட்டியும் திறந்த நிலையில. ஒரு பல் தள்ளி உட்கார்ந்தா கொக்கி பாதிதான் வரும். டிரில் போட்டு இறுக்காதீங்க, மரை வழுக்கும். திறந்த கதவுலேயே கைப்பிடியும் சாவியும் இருபது தடவை போட்டுப் பார்த்துட்டு அப்புறம் சாத்துங்க.

கடலோரத்து அக்கா (அமன்சிம்டோட்டி):
பெட்டி ஏன் உடைந்தது என்று பார்க்காமல் புதுசு போட்டால் அதுவும் உடையும். கைப்பிடி ஒரு வாரம் கனத்ததே, அதுதான் துப்பு: கதவு தொங்கியிருக்கிறது, கொக்கி நிலைச்சட்டத்திலுள்ள துளையில் உரசுகிறது, அந்த பாரமெல்லாம் கியர்பாக்ஸ் மேல் விழுகிறது. திறந்த கதவில் கைப்பிடி லேசாகவும் சாத்தினால் கனமாகவும் இருந்தால் குறை கீலில்தான்.

புதுப் பெட்டி போட்டு, திறந்த கதவில் சோதித்த பிறகு, கொக்கி முனையில் சுண்ணாம்புக்கட்டி தேய்த்து, சாத்தி, கைப்பிடியைத் தூக்குங்கள். உரசும் இடம் நிலைத்தகட்டில் வெள்ளையாகத் தெரியும். (குங்குமம் வேண்டாம், வெள்ளைச் சட்டத்தில் கறை போகாது.) பிறகு கீல் மூடியைக் கழற்றி, ஆலன் கீயால் அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் தூக்குங்கள், எல்லாக் கீலும் ஒரே அளவு. ஒன்றை மட்டும் திருப்பினால் பாரம் முழுதும் அதில் விழும்.

மேற்கு பார்த்த கதவு என்றால் இந்த வேலையைக் காலையிலும் செய்து, சாயங்கால வெயிலிலும் சோதியுங்கள். 2 மீட்டர் யூபிவிசி சூடேறினால் ஓரிரண்டு மில்லிமீட்டர் நீளும். காலையில் சரியாக இருந்தது நம்ம ஜனவரிக் கோடையில் சாயங்காலம் நாலு மணிக்கு உரசும்.

பூட்டுக்குள் சமையல் எண்ணெய் ஊற்றுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம், தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். கொக்கிக்கு சிலிகான் ஸ்ப்ரே, சாவித்துளைக்கு கிராஃபைட் பொடி. கடற்காற்று படும் வீட்டுக்கு ஸ்டெயின்லெஸ் பட்டை கிடைத்தால் அதையே கேளுங்கள்.

மேற்குவாசல்:
நன்றி அக்கா. மேல் கொக்கிதான் உரசியிருக்கு, தகடு தேஞ்சு பளபளன்னு இருக்கு. சிலிண்டரையும் மாத்தலாமா?

கதவுப்பட்டறை:
கைப்பிடித் தகட்டுக்கு வெளியே 3 மி.மீ.க்கு மேல நீட்டிட்டு இருந்தா மாத்துங்க. திருடனுக்குப் பிடிச்சு ஒடிக்க வசதியா இருக்கும். ஸ்க்ரூ ஓட்டை நடுவிலிருந்து ரெண்டு பக்கமும் தனித்தனியா அளங்க, 35/45 மாதிரி. கடைக்குப் போகும்போது பழைய பெட்டியைக் கையோட கொண்டுபோங்க. புதுப் பெட்டியில, கதவைச் சாத்தினதும் மாட்டிக்கிற நாக்கோட சரிவு கதவு சாத்துற திசையைப் பார்க்குதான்னு பொருத்துறதுக்கு முன்னாடியே பாருங்க; நிறைய பெட்டியில நாக்கை இழுத்துத் திருப்பிப் போடலாம், மாட்டின பிறகுன்னா எல்லாத்தையும் திரும்பக் கழட்டணும்.