லூபினா, லார்க்ஸ்பரா? மலைச்சரிவில் பார்த்த நீலப் பூவை அடையாளம் காண உதவுங்கள்

கேள்வி:
கலிபோர்னியாவின் சான் ஓசே நகருக்குக் கிழக்கே, ஓக் மரங்கள் நிற்கும் புல்வெளிச் சரிவில் ஏப்ரல் தொடக்கத்தில் நடக்கப் போயிருந்தேன். முழங்கால் உயரச் செடிகளில் கருநீலப் பூக்கள். ஒவ்வொரு பூவின் முதுகிலும் வால்போல ஒரு குழல். கைபேசிச் செயலி ஒரு படத்துக்கு லூபின் என்கிறது, இன்னொன்றுக்குத் தோட்ட லார்க்ஸ்பர் என்கிறது. தோட்டத்திலிருந்து தப்பி வந்ததா, அந்த மண்ணுக்கே உரியதா? இரண்டு நாளாக அதே நினைப்பு.

பதில் 1:
அந்த வால் ஒன்றே போதும், லூபின் அல்ல. லூபின் பூ அவரைப்பூவைப் போல இருக்கும். இதே போல நீலமாகப் பூக்கும் மங்க்ஸ்ஹுட் செடிக்கும் வால் கிடையாது. அதன் மேலிதழ் முக்காடுபோலக் கவிழ்ந்திருக்கும். ஆகவே லார்க்ஸ்பர்தான். தோட்டத்துச் செடியா என்பதற்கு, இதழ் உதிர்ந்த ஒரு பூவின் நடுவே பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருபருவத் தோட்டச் செடியில் ஒரே காய். கலிபோர்னியாவின் சொந்தக் காட்டு லார்க்ஸ்பர்களில், அதாவது டெல்பினியம் பேரினச் செடிகளில், பெரும்பாலும் மூன்று காய்கள் சேர்ந்து நிற்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்: ஈரப் பாறைச்சரிவுகளில் சிவப்பாகப் பூக்கும் நூடிகாலே என்ற இனமும் டெல்பினியம்தான்.

பதில் 2:
தயவுசெய்து பறிக்காமல் பாருங்கள். செடி முழுவதும் நஞ்சு. அமெரிக்க மேற்கின் மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் இதைத் தின்று செத்துப்போகின்றன. குழந்தைகளோடு போனால் கவனம். பறித்தால் இனத்துக்கும் ஆபத்து: கலிபோர்னியாவின் சொனோமா, மரின் பகுதிகளின் மஞ்சள் லார்க்ஸ்பரும் பேக்கர் லார்க்ஸ்பரும் 2000-இல் அழியும் நிலையிலுள்ள இனங்களாக அறிவிக்கப்பட்டவை.

கேட்டவர்:
இன்று மறுபடி போனேன். மூன்று பிஞ்சுகள்! தண்டிலும் இலையிலும் மென்மயிர். அடியிலைகள் இன்னும் பச்சை. பூக்கள் பெரியவை, ஒரு தண்டுக்குச் சிலவே. நடுவே இரண்டு சிறு வெள்ளை இதழ்கள்.

பதில் 1:
ஓக் மரப் புல்வெளி, பெரிய பூ, மயிரடர்ந்த பச்சை அடியிலை: டெல்பினியம் வேரிகேட்டம், அதாவது ராயல் லார்க்ஸ்பர் என்றே நினைக்கிறேன். ஹெஸ்பீரியம் என்ற இன்னொரு டெல்பினியமாக இருந்தால் பூக்கும்போதே அடியிலைகள் வாடியிருக்கும். ஆனாலும் அருகருகே வளரும் இனங்கள் கலப்பதுண்டு. பக்கவாட்டிலிருந்து வாலும், கீழே அடியிலையும் தெரிய இரண்டு படங்கள் போடுங்கள். கோடையில் செடி மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். இந்த வாரமே போய்விடுங்கள்.