பர்ட்டன் பிரபு பட்டம் ஏன் ரெண்டு தரம்?

கேள்வி: அண்ணாச்சி, இங்கிலாந்து பீர் ஆலைக்காரர் மைக்கேல் ஆர்தர் பாஸுக்கு 1886-ல ஒரு பிரபு பட்டம், 1897-ல அதே பேர்ல இன்னொண்ணு. அச்சுப்பிழையா?

பதில்: பிழை இல்லவே. முதல் பட்டம் ஆண்வாரிசுக்கு மட்டும்தான் இறங்கும். அவருக்கு ஒரே மவ, நெல்லி. அதனால மவளுக்கும் போவுற மாதிரி 1897-ல புதுசா எழுதுனாங்க. 1909-ல அவர் இறந்ததும் முதலாவது அத்துப்போச்சு, ரெண்டாவது நெல்லிக்கு வந்துட்டு. அப்பா மைக்கேல் தாமஸ் பாஸோட குழப்பிக்கிடாதீரும்: அவர் டெர்பி எம்.பி. மவன் 1865-ல ஸ்டாஃபோர்டுல ஜெயிச்சவர்.

இன்னொருவர்: பாஸ் குடும்பத்துக்குத் துட்டு வந்த வழி தண்ணி. அவங்க ஆலை இருந்த பர்ட்டன் ஊர்க் கிணத்துத் தண்ணியில ஜிப்சம்ங்கிற தாது உப்பு கூடுதல்; ஹாப்ஸ், அதாவது பீர்ல கசப்புக்குப் போடுற பூ, அதோட கசப்பு துலக்கமா நிக்கும், பீரும் தெளியும். அல்வாவுக்குத் தாமிரபரணின்னு சொல்லுதோம்லா, அந்தக் கதைதான். அதுக்குன்னு ஜிப்சத்தை அள்ளிப் போட்டா கசப்பு தொண்டையைக் கரகரன்னு பிடிக்கும்.

கேட்டவர்: பாஸ் பீரோட அந்தச் சிவப்பு முக்கோணச் சின்னம்?

பதில்: 1876 ஜனவரி 1. பிரிட்டன்ல பதிவான முதல் வணிகச்சின்னம்.