பின்பக்கம் சன்ரூம்: வீட்டுக் குழுவில் ஜன்னல் பேச்சு

கவிதா: எல்லோருக்கும் வணக்கம். பின்பக்கம் சன்ரூம் எடுப்பது உறுதியாகிவிட்டது. 14 அடி நீளம், 10 அடி அகலம், ஹாலின் மேற்குச் சுவரை ஒட்டி வருகிறது. மூன்று பக்கமும் தரையிலிருந்து சீலிங் வரை கண்ணாடி, மேலேயும் கண்ணாடி என்று நினைத்திருக்கிறேன். வரைபடம் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பிரபு: படத்தில் அருமையாக இருக்கிறது அக்கா.

அம்மா: படிக்க எனக்கு ஒரு நாற்காலி அங்கே போட்டுவிடு. ஹாலில் மதியத்துக்கு மேல்தான் எழுத்து தெரிகிறது.

செல்வம் மாமா: கவிதா, வரைபடம் பார்த்தேன். ஹாலுக்கு வெளிச்சம் தரும் இரண்டு ஜன்னல்களும் இந்த மேற்குச் சுவரில்தானே இருக்கின்றன?

கவிதா: ஆமாம் மாமா. இனி அவை சன்ரூமுக்குள் திறக்கும்.

செல்வம் மாமா: அப்படியானால் முதலில் ஹாலைப் பற்றிப் பேசுவோம். புது அறைக்கு வெளிச்சம் தானாக வந்துவிடும், மூன்று பக்கமும் திறந்த அறை அது. பின்னால் இருக்கும் ஹால்தான் இருட்டாகும். இன்று ஹாலில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தால் வானம் தெரிகிறது. நாளை அந்த இடத்தில் புது அறையின் சீலிங்தான் தெரியும். வானமே தெரியாத இடத்தில் பகல் வெளிச்சம் மங்கித்தான் இருக்கும்.

கவிதா: அதற்காகத்தான் மாமா மேலேயும் கண்ணாடி போடலாம் என்று நினைத்தேன். வானம் தெரியுமே.

சித்தி: கவிதா, அவசரப்படாதே. எங்கள் வீட்டு மாடியில் கண்ணாடிக் கூரை போட்ட அறை இருக்கிறதே, மதியம் 12 மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. பகலில் துணி காயப்போட மட்டும்தான் பயன்படுகிறது. திரை போட்டும் சூடு குறையவில்லை.

செல்வம் மாமா: திரை உள்பக்கம்தானே போட்டிருக்கிறாய்?

சித்தி: ஆமாம் அண்ணா.

செல்வம் மாமா: அதனால்தான். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து திரையில் படுகிறது. திரை சூடாகிறது, அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்குகிறது. வெயில் ஒளியைக் கண்ணாடி உள்ளே விட்டுவிடும். ஆனால் சூடான தரையும் திரையும் வெளியிடும் வெப்பக் கதிர் திரும்பிப் போக அது விடாது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுத்தால்தான் பலன். வெளியே ஒரு தட்டி கட்டிப் பார், வித்தியாசம் தெரியும்.

கவிதா: அப்போது மேலே கண்ணாடியே வேண்டாமா?

செல்வம் மாமா: கொஞ்சம் வேண்டும், முழுதாக வேண்டாம். மேகம் மூடிய நாளில் கூட தலைக்கு மேலே இருக்கும் வானம், அடிவானத்தை விட ஏறக்குறைய மூன்று மடங்கு பிரகாசம். அதனால் கூரையில் ஒரு சிறிய திறப்பே சுவரில் உள்ள பெரிய ஜன்னலின் வேலையைச் செய்யும். ஆனால் உச்சி வெயில் நேராக விழுவதும் அங்கேதான். எனவே கூரை கான்கிரீட்டாகவே இருக்கட்டும். ஹால் சுவரை ஒட்டி மட்டும் நீளவாக்கில் ஒரு ஸ்கைலைட், அதாவது கூரையில் கண்ணாடி போட்ட திறப்பு, அகலம் ஒன்றரை, இரண்டு அடி போதும்.

பிரபு: ஏன் ஹால் சுவரை ஒட்டி, மாமா? நடுவில் வைத்தால் அழகாக இருக்குமே.

செல்வம் மாமா: நடுவில் வைத்தால் தரையில் ஒரு வெயில் கட்டம் விழும், கண் கூசும். சுவரை ஒட்டி வைத்தால் வெளிச்சம் அந்தச் சுவரில் வழிந்து இறங்கும். சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டால் அந்தச் சுவர் முழுவதும் ஒரு விளக்கைப் போல வேலை செய்யும். கண்ணாடி ஜன்னல்களிலிருந்து தள்ளி இருக்கும் மூலை அது, இருட்டாகப் போகும் இடமும் அதுதான். ஹாலின் வாசலும் அங்கேதான் திறக்கிறது.

செல்வம் மாமா: ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. தலைக்கு மேலே போடும் கண்ணாடி லேமினேட்டட் ஆகத்தான் இருக்க வேண்டும். டஃபன்டு, அதாவது சூடாக்கி வலுவேற்றிய கண்ணாடி, மட்டும் போட்டால் உடையும்போது சிறு துண்டுகளாகக் கொட்டும். லேமினேட்டட் உடைந்தாலும் நடுவில் இருக்கும் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். திறப்பைச் சுற்றி 6 அங்குலம் விளிம்பு உயர்த்திக் கட்டச் சொல், இல்லையென்றால் மழைக்கு ஒழுகும்.

அம்மா: செல்வம், தரையிலிருந்து கண்ணாடி வேண்டும் என்கிறாளே, அது சரியா?

செல்வம் மாமா: அக்கா, முழங்காலுக்குக் கீழே இருக்கும் கண்ணாடி வழியாகத் தோட்டம் தெரியும், ஆனால் நீங்கள் புத்தகம் வைத்திருக்கும் உயரத்துக்கு அதிலிருந்து வெளிச்சம் மிகக் குறைவாகத்தான் வரும். வெயிலின் சூடு மட்டும் முழுதாக வரும். அந்தக் கண்ணாடியைக் கீழே செலவழிப்பதற்கு மேலே செலவழிக்கலாம். உட்கார்ந்தால் கண் மட்டம் தரையிலிருந்து நான்கு அடி. ஜன்னலின் சில், அதாவது கீழ்விளிம்பு, இரண்டடியில் இருந்தால் உட்கார்ந்தபடியே செடியெல்லாம் தெரியும்.

செல்வம் மாமா: மேலே என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பயனுள்ள வெளிச்சம் உள்ளே போகும் என்பது கட்டட வேலையில் ஒரு தோராயக் கணக்கு. வரைபடத்தில் லிண்டல், அதாவது அந்த மேல்விளிம்பு, 7 அடி. அப்படியானால் வெளிச்சம் 14லிருந்து 17 அடி. அதில் 10 அடி புது அறைக்கே போய்விடும், ஹாலுக்குள் 4லிருந்து 7 அடிதான் எட்டும். மேல்விளிம்பை 9 அடிக்கு உயர்த்து, ஹாலுக்குள் 8 அடிக்குக் குறையாமல் போகும். கவிதா, நான் இந்த வேலையில் உன்னிடம் கேட்பது இந்த ஒரு மாற்றத்தைத்தான்.

கவிதா: ஹாலின் பழைய ஜன்னல்கள் 7 அடியிலேயே நின்றுவிடுகின்றனவே மாமா. வெளியே உயர்த்தினால் போதுமா?

செல்வம் மாமா: நல்ல கேள்வி. போதாது. நடுவில் இருக்கும் சுவரையும் திறக்க வேண்டும். இரண்டு ஜன்னலையும் இணைத்து ஒரே அகலத் திறப்பாக, அதுவும் 9 அடி உயரத்துக்கு எடுத்தால் ஹால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அது பாரம் தாங்கும் சுவராக இருக்கலாம். இன்ஜினியர் நேரில் வந்து பார்த்து, மேலே பீம் கணக்குப் போட்டுக் கொடுத்த பிறகுதான் சுத்தியலைத் தொட வேண்டும்.

பிரபு: மேற்கு வெயிலுக்கு இரண்டடி சன்ஷேடு போட்டால் சரியாகிவிடுமா?

செல்வம் மாமா: மேற்குக்குச் சன்ஷேடு உதவாது பிரபு. சூரியன் சுவருக்கு நேர் எதிரே 60 டிகிரி உயரத்தில் இருக்கும்போது இரண்டடி சன்ஷேடு மூன்றரை அடிக்கு நிழல் தரும். 20 டிகிரிக்கு இறங்கியதும் முக்கால் அடி நிழல்தான். மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். மேற்கில் கண்ணாடியைக் குறைத்துவிட்டு, வெளியே ஏற்றி இறக்கும் தட்டியோ செங்குத்துப் பலகைகளோ வைப்பதுதான் வழி. பெரிய ஜன்னல்களை வடக்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் வையுங்கள். அங்கே உச்சி வெயிலுக்குச் சன்ஷேடு நன்றாக வேலை செய்யும்.

செல்வம் மாமா: வெயில் விழும் இடத்தை ஒரே நாளில் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். சூரியன் மறையும் இடம் ஜூன் 21ஐ ஒட்டி வடக்கே ஒதுங்கும், டிசம்பர் 21ஐ ஒட்டித் தெற்கே ஒதுங்கும். இப்போது சுவரில் படாத வெயில் சில மாதம் கழித்துப் படலாம்.

பிரபு: கைபேசியில் சூரியப் பாதை காட்டும் செயலி இருக்கிறது மாமா. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் அந்த இரண்டு தேதிகளையும் போட்டுப் பார்த்து, படம் எடுத்து அனுப்புகிறேன்.

சித்தி: கண்ணாடி விஷயம் சொல்லுங்கள் அண்ணா. டபுள் கிளாஸ் போட்டால் சூடே வராது என்று எங்களிடம் சொன்னார்கள்.

செல்வம் மாமா: அது பாதி உண்மை. இரண்டு அடுக்குக் கண்ணாடி, வெளிக்காற்றின் சூடோ குளிரோ உள்ளே கடத்தப்படுவதைக் குறைக்கும். நேர் வெயிலை அவ்வளவாகத் தடுக்காது. சாதாரண ஒற்றைக் கண்ணாடி வெயில் வெப்பத்தில் சுமார் 80 சதவீதத்தை உள்ளே விடும், சாதாரண இரட்டைக் கண்ணாடியும் 70 சதவீதம் விடும். வெயிலைத் தடுக்க, வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய லோ-இ பூச்சு உள்ள சோலார் கன்ட்ரோல் கண்ணாடி வேண்டும். கடையில் இரண்டு எண்களைக் கேளுங்கள்: எஸ்.எச்.ஜி.சி, அதாவது எவ்வளவு வெப்பம் வரும், வி.எல்.டி, எவ்வளவு வெளிச்சம் வரும். முதல் எண் குறைவாகவும் இரண்டாவது எண் அதிகமாகவும் இருப்பதே நமக்கு வேண்டியது. கறுப்புச் சாயம் போட்ட கண்ணாடி வேண்டாம், வெளிச்சத்தையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

கவிதா: ஜன்னல் எல்லாம் ஸ்லைடிங் என்று போட்டிருக்கிறேன். மாற்ற வேண்டுமா?

செல்வம் மாமா: இரண்டு கதவு ஸ்லைடிங்கில் பாதிதான் திறக்கும். கீல் வைத்தது முழுதாகத் திறக்கும். வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிரே கீல் ஜன்னல் வை. சூடான காற்று மேலே ஏறும், அது வெளியேற சீலிங்கை ஒட்டித் திறக்கும் வென்டிலேட்டர் குறைந்தது இரண்டு வேண்டும். டஃபன்டு கண்ணாடியைத் தயாரித்த பிறகு வெட்ட முடியாது. அதனால் பிரேம் பொருத்தி, அளவு எடுத்த பிறகே கண்ணாடிக்கு ஆர்டர் கொடு.

அம்மா: என் நாற்காலி?

செல்வம் மாமா: வடக்கு ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள் அக்கா. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தால் கண் கூசும், முதுகு காட்டினால் புத்தகத்தில் உங்கள் நிழலே விழும்.

கவிதா: சரி மாமா. வரைபடத்தைத் திருத்தச் சொல்கிறேன்: லிண்டல் 9 அடி, சில் இரண்டடி, கான்கிரீட் கூரையில் சுவரோரம் ஸ்கைலைட், மேற்கில் ஒரே ஒரு ஜன்னல். நடுச்சுவரைப் பார்க்க இன்ஜினியரை இந்த வாரமே வரச் சொல்கிறேன்.

செல்வம் மாமா: அவர் வரும் நாளைச் சொல், நானும் வருகிறேன். ஹாலின் அகலத்தையும் அளந்து அனுப்பு, வரைபடத்தில் அது இல்லை.